ஒரே வீட்டில் இரண்டு டிரைவர்

பிப்ரவரி 11, வியாழன்

இன்றைக்கும் என் வீட்டு ஸ்டூடியோவில் பதிவு நின்றுவிட்டது. மூன்று முறை. முதலில் இரண்டாவது சரணத்தில், அடுத்து முதல் வரியிலேயே, கடைசியாக நூரிஸ் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது. திரையில் அலைக்கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று காதுக்குள் தவளை கத்துவது போல ஒரு சத்தம், அத்தோடு எல்லாம் உறைந்துவிடும். அணைத்துத் திறந்தால் பதிந்த கோப்பு இருக்காது, இருந்தால் பாதிதான் இருக்கும்.

நூரிஸ் தண்ணீர் குடித்தாள். "கொமாத்ரே, எனக்கு இருக்கிறது ஒரு தொண்டைதான்" என்றாள். என் மகளுக்கு ஞானத்தாய் அவள். பதினெட்டு வருஷமாக ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த வார்த்தையை அவள் அவ்வளவு மெதுவாகச் சொன்னால் கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஊர்ப் பாட்டுப் போட்டிக்கு விழாக் குழுவிடம் பாட்டைக் கொடுக்கக் கடைசி நாள் 26, வெள்ளி, மாலை ஐந்து மணி. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, வெள்ளி

கேபிளை மாற்றினேன். நின்றது. வேறு துளையில் செருகினேன். நின்றது. மின்விசிறியைக் கணினிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் நின்றது.

பிப்ரவரி 14, ஞாயிறு

ரொசெந்தோ அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசித்தான். போட்டுக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது.

"இது யாரோட அக்கார்டியன்?"

"உன்னோடதுதான்டா. இப்பத்தானே வாசிச்ச."

"யாதிரா, இந்தப் பெட்டிய நான் முப்பது வருஷமா மடியில வச்சிருக்கேன். இவ்வளவு கீழ இறங்கி, இவ்வளவு சோம்பேறியா அது அழுததே இல்ல. எனக்கு வயசாகலாம், அதுக்கு ஆகாது."

சண்டை போட வாய் திறந்தேன், மறுபடி கேட்டேன், மூடிக்கொண்டேன். அவன் சொன்னது சரி. முழுப்பாட்டும் ஒன்றரைச் சுருதி கீழே இறங்கி, நடையும் தளர்ந்திருந்தது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். நான் எப்போதும் நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துணுக்காகத்தான் பதிவேன். மைக்கைக் கணினியோடு இணைக்கிற என் ஒலிப்பெட்டி நாற்பத்து நாலாயிரத்து நூறில் நிற்கிறது. மூன்று வருஷமாக அந்த எண்ணை நான் தொட்டதில்லை. தானாக மாறுமா? எண் என்ன காலுள்ளதா, நடந்து போக?

ரொசெந்தோவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்: இந்த முறை வாசிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லி வணக்கம் போடாத பாட்டே கிடையாது. அக்கார்டியன் ஒரு சுற்றுச் சுற்றி வரும், அந்த இடைவெளியில் யாராவது நண்பன் பெயரைச் சொல்லிக் கத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சோற்றில் உப்பில்லாத மாதிரி இருக்கும் எல்லோருக்கும். ஆனால் புதுப்பாட்டுப் போட்டியில் எழுதியவர் யாரென்று நடுவருக்குத் தெரியக் கூடாது. புனைபெயரில்தான் கொடுக்க வேண்டும், பதிவில் எந்த மனிதப் பெயரும் கேட்கக் கூடாது. போன வருஷம் நூரிஸ் பாட்டின் கடைசிச் சுற்றில் இந்த மடையன் "நூரிஸ் அரௌஹோ, லா மாலேனாவின் ராணி" என்று கத்திவிட்டான். யாருமே கவனிக்கவில்லை. எனக்கே காதில் விழவில்லை, அவ்வளவு பழக்கம். உறையைப் பிரித்த குழுவுக்கு மட்டும் விழுந்தது. பாட்டைத் தள்ளிவிட்டார்கள்.

அதற்கு முந்தின வருஷம் அவளுடைய இன்னொரு பாட்டை உள்ளூர்ப் பாடகன் தாகோபெர்த்தோ பாடி, தன் பெயரைப் போட்டுக்கொண்டான். அவனுக்கு வாத்தியக் குழுவும் இருக்கிறது, ஒலிபெருக்கியும் இருக்கிறது. சந்தையில் சீஸ் விற்கும் பெண் எழுதியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இந்தப் பாட்டு, "மூன்றாவது வாளி", இந்த வருஷ வறட்சியில் அவள் தண்ணீருக்கு வரிசையில் நின்று எழுதியது. விழாக் குழு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டால் அது அவளுடையது என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு யாரும் தொட முடியாது.

பிப்ரவரி 15, திங்கள்

கணினி ரிப்பேர்க்கடை வில்மர் வந்தான். தூசி தட்டினான், உள்ளே ஊதினான், "டிரைவர் கெட்டுப் போச்சு" என்றான். ஒலிப்பெட்டி பேசுவதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மொழிபெயர்க்கிற சின்ன நிரல்தான் டிரைவர். என் சிவப்புப் பெட்டியின் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். எண் தானே நாற்பத்தெட்டாயிரத்துக்குத் திரும்பியது. நாற்பது நிமிஷம் ஓட விட்டுப் பார்த்தோம். ஒரு தவளையும் கத்தவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது எலியேசரிடம் சொன்னேன், எல்லாம் டிரைவர் செய்த தொல்லை என்று. என் புருஷன் எங்கள் ஊர் லா மாலேனாவுக்கும் வாயேதுபார் நகரத்துக்கும் இடையே ஜீப் ஓட்டுகிறவன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"டிரைவர்னாலே உனக்குத் தொல்லைதானே" என்றான். மரவள்ளிக் கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பிப்ரவரி 16, செவ்வாய்

நின்றது. நின்றது. நின்றது.

நேற்று மாலை நன்றாக இருந்தது. இன்று காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நான் வேலை பார்க்கும் வானொலி நிலையத்தில் ஒலிக்கருவி முன்னால் உட்கார்ந்திருந்தேன், தினமும் போல. மதியம் வந்து திறந்தால் எண் மறுபடி மாறியிருக்கிறது. பூட்டிய அறை. சாவி ஆணியில் தொங்குகிறது. நூரிஸ் சீஸ் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தவள், ஒரு வரிகூடப் பாடாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வில்மரைத் திட்டினேன். அவன் மின்னழுத்தத்தைத் திட்டினான்.

பிப்ரவரி 18, வியாழன்

இது மென்பொருள் பிரச்சினை மட்டும் இல்லை போலிருக்கிறது. நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

நூரிஸ் ஓடி வந்தாள். ஓடி. அவள் ஓடி நான் பார்த்ததில்லை. சந்தையில் ஒருவன் சீஸ் வாங்க நின்றானாம், பாக்கிச் சில்லறைக்குக் காத்திருக்கும்போது விசிலடித்தானாம். "மூன்றாவது வாளி"யின் பல்லவி, கடைசித் திருப்பம் வரைக்கும். அந்த ஆள் தாகோபெர்த்தோ குழுவில் மேளம் அடிப்பவன்.

"எங்க கேட்டன்னு கேட்டேன். எங்கயோ காத்துல வந்துச்சுங்கிறான். காத்துலயா வரும், கொமாத்ரே? இந்தப் பாட்டு எங்க இருக்கு? என் வாயில இருக்கு, ரொசெந்தோ விரல்ல இருக்கு, உன் மெஷின்ல இருக்கு. வேற எங்க?"

அவள் அதைக் கேள்வியாகத்தான் கேட்டாள். ஆனால் பதில் வருகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாள் இருக்கிறது. அவர்கள் நாளைக்கே போய்ப் பதிந்துவிட்டால்?

மதியம் திறந்து பார்த்தேன். எண் மாறியிருந்தது.

பிப்ரவரி 19, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

கணினி தனக்கு நடப்பதையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது, என்னைப் போல. அதைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். புது டிரைவர் நிறுவப்பட்டது: 9 செவ்வாய், காலை 10:14. 11 வியாழன், 10:31. 16 செவ்வாய், 10:08. 18 வியாழன், 10:22. எல்லாமே நான் வானொலி நிலையத்தில் இருக்கும் நேரம். அது என் சிவப்புப் பெட்டியின் டிரைவரும் இல்லை. வேறொரு கம்பெனிப் பெட்டியுடையது. அப்படியொரு பெட்டி என் வீட்டிலேயே கிடையாது.

ஆக, இதுதான் நடந்திருக்கிறது. யாரோ அறைக்குள் வந்து தன் பெட்டியைச் செருகி, அதன் டிரைவரைப் போடுகிறான். அது ஒலியை நாற்பத்து நாலாயிரத்து நூறுக்கு மாற்றிவிட்டு, பெட்டியைக் கழற்றிய பிறகும் உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. மதியம் நான் என் பெட்டியைப் போட்டதும் ஒலியின் வேகத்தை அளக்கிற ஒரே கடிகாரத்துக்கு இரண்டு டிரைவரும் அடித்துக்கொள்கின்றன. ஒரு ஜீப்பில் இரண்டு பேர் ஸ்டியரிங்கைப் பிடித்த கதை. மென்பொருள் எத்தனை நிமிஷம் தாங்கும்?

அதெல்லாம் சரி. யார்? என்ன எடுத்துக்கொண்டு போக வருகிறான்? நூரிஸின் பாதிப் பதிவுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

பிப்ரவரி 20, சனி

நூரிஸிடம் சொன்னேன். சொல்லாமல் இருப்பது துரோகம் என்று தோன்றியது. சொன்னதும் துரோகியானேன்.

"பூட்டு உடைஞ்சிருக்கா?" என்றாள்.

"இல்ல."

"நாய் குரைச்சுதா?"

"இல்ல, நூரிஸ்."

"அப்ப நாய்க்குத் தெரிஞ்ச ஆளு." சீஸ் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "போன வருஷம் நீதான் உறையில போட்ட, கத்தினது உனக்குக் கேக்கலன்ன. ஊர்ல தும்மினாக்கூடக் கேக்கிற காது உனக்கு. நான் நம்பினேன். இப்ப உன் வீட்டு ரூம்ல என் பாட்ட எவனோ பூட்டு உடைக்காம எடுத்துட்டுப் போறான்கிற. இதையும் நம்பணுமா, யாதிரா?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கொமாத்ரே இல்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "வேற யாருகிட்டயாவது போய்ப் பதிஞ்சுக்க" என்றேன். என்ன பேச்சு அது? இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? தாகோபெர்த்தோவின் ஸ்டூடியோ ஒன்றுதான் இருக்கிறது.

பிப்ரவரி 21, ஞாயிறு

அவள் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 22, திங்கள்

நூரிஸிடமிருந்து செய்தி: "என் கோப்பு எல்லாத்தையும் அழிச்சிடு. நான் எழுதின தாளைத் திருப்பிக் குடு." வேறெதுவும் இல்லை.

எலியேசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாயையும் பூட்டையும் சொன்னேன். நாளைக்கும் செவ்வாய், அந்த ஆள் நிச்சயம் வருவான் என்றேன். அவன் தட்டிலிருந்த அரேப்பாவை, அந்தச் சோள ரொட்டியை, தின்னாமல் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"பாட்டத் திருடத்தான் வரணுமா? வேற எதுக்காச்சும் வந்திருக்கக் கூடாதா?" என்றான்.

"மைக்கு முன்னாடி வேற எதுக்குடா ஒருத்தன் ஒளிஞ்சு வருவான்?"

எழுந்து போய் ஜீப்பைக் கழுவினான். தண்ணீர் இல்லாத ஊரில், காலையில்தான் கழுவிய ஜீப்பை.

பிப்ரவரி 23, செவ்வாய்

இரவு வெகுநேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

ஏழே முக்காலுக்கு வழக்கம்போலக் கிளம்பினேன். நிலையத்தில் பல்வலி என்றேன். பத்தே காலுக்குக் கொல்லைப்புறமாக வந்தேன். நாய் வாலை ஆட்டியது. ஸ்டூடியோக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கையில் உலக்கை இருந்தது. கதவு ஓரடி தூரம். என்னால் திறக்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் ஒரே சட்டம் அதுதான்: சிவப்பு விளக்கு எரிந்தால் வீடே பற்றிக்கொண்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவளே நான். திருடனுக்கும் அந்தச் சட்டமா என்று மனசுக்குள் கத்துகிறேன், கை கைப்பிடிக்குப் போகவில்லை. உலக்கையோடு அப்படியே நின்றேன். பஞ்சு ஒட்டின கதவு வழியாக ஒரு ஆண் குரல் மங்கலாக வந்தது. நூரிஸ் பாட்டு இல்லை. அந்த மெட்டை நான் எங்கேயும் கேட்டதில்லை. மெதுவான மெட்டு, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கொஞ்சம் தயங்கித் தயங்கி.

பிறகு தவளை கத்தியது. உள்ளே ஒருவன் "அட நாசமாப்போன சனியனே" என்றான். அந்தச் சொல்லை அப்படி இழுத்துச் சொல்கிற ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

விளக்கு அணைந்தது. திறந்தேன்.

எலியேசர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நேற்று நான் அவ்வளவு சொன்ன பிறகும், பிடிபட்டால் படட்டும் என்றே வந்திருக்கிறான் போல. மேஜையில் ஒரு நீலப்பெட்டி. தேவாலயத்தில் கிதார் வாசிக்கும் நண்பனுடையதாம், செவ்வாயும் வியாழனும்தான் அவனுக்கு வேண்டாமாம். டிரைவர் ஒரு யூ.எஸ்.பி. நினைவுக் குச்சியில் இருக்கிறது. "வேலை செய்யலன்னா மறுபடி போடு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். நான் ஒவ்வொரு முறை என்னுடையதைச் சரிசெய்தபோதும் இவனுடையது கெட்டிருக்கிறது. இவன் மறுபடி போட, என்னுடையது கெட்டிருக்கிறது. இரண்டு வாரமாக நாங்கள் இருவரும் ஒருவர் பாட்டை ஒருவர் கொன்றுகொண்டிருந்திருக்கிறோம், காலையில் அவனும் மாலையில் நானும்.

"உலக்கை எதுக்கு?" என்றான்.

"உனக்குத்தான்."

பதினான்கு கோப்புகள். ஒன்றுகூட முழுசு இல்லை. கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். கேட்டேன்.

*ஊரு பாடினா ரெண்டு காது,
நான் பேசினா ஒரு காது.
அந்த ஒரு காதுக்கும் வழிதெரியாம
ஓட்டிக்கிட்டிருக்கேன் வண்டிய.*

நான் ஹெட்போன் மாட்டியிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி "ம்?" என்பேன். அவனிடம் மட்டுமா, எல்லோரிடமும் அப்படித்தான். அப்படித்தானா?

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வழக்கப்படி ஒரு வணக்கம் வருகிறது. "யாதிரா, கேக்குதா?" என்கிறான். எட்டுக் கோப்புகள் அந்த இடத்தில்தான் அறுந்திருந்தன. எட்டு முறை கேட்டேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. நான்தானே பதிவு பண்றேன் இந்த ஊருக்கே?"

"கேட்டேன். நம்ம பொண்ணு ஞானஸ்நானத்தன்னிக்குப் பாடினேன். எல்லார் முன்னாடியும் 'அந்த எஞ்சினை யாராவது ஆஃப் பண்ணுங்க'ன்ன."

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பதினெட்டு வருஷம் அவனுக்கு நினைவிருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம்தான் கேட்டேன். நூரிஸ் பாட்டு எப்படி மேளக்காரன் வாய்க்குப் போனது?

நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "நான் வண்டி ஓட்டுறப்ப விசிலடிப்பேன்ல..."

சுவர் வழியாக மாலை மாலையாகக் கேட்டிருக்கிறான். ஜீப்பில் முழுக்க விசிலடித்துக்கொண்டே போயிருக்கிறான், பின்சீட்டில் மேளக்காரன். ஒரு நாளைக்கு நாற்பது பயணிகள். வாயேதுபார் வரைக்கும் பாட்டைக் கொண்டுபோய் இறக்கி விட்டிருக்கிறான், டிக்கெட் இல்லாமல்.

பிப்ரவரி 24, புதன்

நான்தான் போய்ச் சொல்வேன் என்றேன். அவன் விடவில்லை. நீலப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போனான். நான் பத்தடி பின்னால் நின்றேன்.

"நூரிஸ், எங்க வீட்டு ரூமுக்குள்ள வந்த திருடன் நான்தான். பாட்ட எடுக்கல. என் பாட்டப் பாடப் போனேன். ஆனா உன் பாட்ட விசிலடிச்சதும் நான்தான். அடி, திட்டு, என்ன வேணா பண்ணு. நாளைக்கு வந்து பாடிடு."

"உனக்குப் பாட வருமா?" என்றாள் நூரிஸ்.

"வராதுன்னு என் பொண்டாட்டி சொல்லியிருக்கா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நூரிஸ் சிரிக்கவில்லை. என் பக்கம் பார்த்தாள், வெகுநேரம். "நாளைக்கு மூணு மணி. மெஷின் நின்னா நான் திரும்பி வர மாட்டேன்" என்றாள். கொமாத்ரே என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்கவில்லை என்று எழுதுவது பொய்.

மதியம் முழுக்க இரண்டு டிரைவர்களையும் வேரோடு பிடுங்கினேன். பட்டியலில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகிடந்த துண்டுகளையும் தேடி அழித்தேன். அணைத்தேன், திறந்தேன், சிவப்புப் பெட்டியுடையதை மட்டும் போட்டேன். கணினியின் சொந்த ஒலியையும் முடக்கினேன். வேறெந்த நிரலும் பெட்டியைத் தொடாதபடி பூட்டினேன். ஒரு மணி நேரம் வெறும் அறையைப் பதிந்தேன். தவளை இல்லை. இன்னொரு மணி நேரம். எலியேசர் வாசலில் நின்று, "நான் உள்ள வந்தா அது நிக்குமா?" என்றான். பாவமாகக் கேட்டான்.

பிப்ரவரி 25, வியாழன்

மூன்று மணிக்கு வந்தார்கள். ரொசெந்தோ தானாகவே கைக்குட்டையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டான். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க, அந்தக் கோலத்தில்தான் வாசித்தான்.

முதல் பதிவில் நூரிஸ் குரல் நடுங்கியது, என்னைப் பார்த்துப் பாடினாள், மெஷின் நின்றுவிட்டதா என்று. இரண்டாவதில் முதுகைக் காட்டி நின்றாள்.

*முதல் வாளி பிள்ளைக்கு,
ரெண்டாம் வாளி மாட்டுக்கு,
மூணாம் வாளி யாருக்குன்னு
வரிசையில நின்னா கேக்குற?*

நான் திரையைப் பார்க்கவில்லை. ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி. கடைசிச் சுற்று வந்தது, ரொசெந்தோவின் கழுத்து நரம்பு புடைத்தது, ஏதோ முனகல் வந்தது, கைக்குட்டை தாங்கியது. முடிந்தது. கோப்பு இருந்தது. முழுசாக. சுருதியும் சரி. அணைத்துத் திறந்து பார்த்தேன், அப்போதும் இருந்தது. மூன்று நினைவுக் குச்சிகளில் போட்டேன்.

நூரிஸ் ஒரு துண்டு சீஸை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 26, வெள்ளி

காலையில் நிலையத்துக்குப் போகவில்லை, இந்த முறை உண்மையிலேயே சொல்லிவிட்டு. எலியேசரைச் சிவப்புப் பெட்டி முன்னால் நிறுத்தினேன். இன்னும் நேரம் இருக்கிறது, உன்னுடையதையும் உறையில் போடலாம் என்றேன். ரொசெந்தோ வந்தான், இம்முறை கைக்குட்டை இல்லாமல்.

ஒரே பதிவு. அறுபடாமல் கடைசி வரை போனது. எஞ்சின் என்று நான் சொன்னேனாம் அதை. கரகரப்புதான், ஆனால் எல்லா வரியும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் சொல்லிவிட்டான். "யாதிரா, கேக்குதா?"

"அந்தப் பேரை மட்டும் எடுத்துடறேன். ரெண்டு நொடிதான். யாருக்கும் தெரியாது" என்றேன்.

"எடுக்காத."

"எடுக்கலன்னா குழு தள்ளிடும்டா."

"தள்ளட்டும். அவங்களுக்கா பாடினேன்?"

அப்படியே விட்டேன்.

நூரிஸை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். வழியெல்லாம் எலியேசர் விசிலடிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டே ஓட்டினான். கலாச்சார மன்றத்தில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். நாலாவதாக தாகோபெர்த்தோவின் மேளக்காரன் கையில் உறையோடு நின்றான். நூரிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அவன் உறையில் என்ன இருக்கிறது? கேட்க முடியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவன் கொடுத்துவிட்டுப் போகும்போது எங்களுக்கு வணக்கம் சொன்னான்.

4:40க்கு நூரிஸின் உறைமேல் முத்திரை விழுந்தது. புனைபெயர்: காய்ந்த ஓடை. எண் 37.

மார்ச் 18, வெள்ளி

தேர்வான பாட்டுகளின் பட்டியலை வானொலியில் வாசித்தார்கள். ஒலிக்கருவி முன்னால் நான்தான். பன்னிரண்டில் ஒன்பதாவது: "மூன்றாவது வாளி. காய்ந்த ஓடை." ஒலி அளவு முள் துள்ளியது, என்னை அறியாமல் நானே ஏற்றிவிட்டிருக்கிறேன்.

மேளக்காரன் உறையில் இருந்தது வேறு பாட்டுதான், அவனே சொன்னான். காதல் பாட்டு. தேர்வாகவில்லை.

நூரிஸுக்குப் போன் செய்தேன். "கேட்டேன்" என்றாள். "நன்றி, யாதிரா."

ஏப்ரல் 16, சனி

இறுதிச் சுற்று. சதுக்கத்தில் மேடை. ஒலிப்பலகை என் பொறுப்பு. பக்கத்தில் எலியேசர், கேபிள் சுற்றித் தருகிறேன் என்று வந்தவன் பொரித்த வாழைக்காய் தின்றுகொண்டிருந்தான்.

இந்தச் சுற்றில் புனைபெயர் கிடையாது. பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் வாசித்தார்: "எழுதியவர், நூரிஸ் அரௌஹோ." முழுச் சதுக்கத்துக்கும் கேட்டது. தாகோபெர்த்தோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான், அவனுக்கும் கேட்டது. இனி அந்தப் பாட்டை யார் பாடினாலும் இந்தப் பெயரோடுதான் பாட வேண்டும்.

முதல் சுற்று வந்ததும் ரொசெந்தோ ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டான். "நூரிஸ் அரௌஹோ, லா மாலேனாவின் ராணி." முள் சிவப்புக்குப் போய்த் திரும்பியது. குறைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

அப்புறம் கடைசிச் சுற்று. நூரிஸ் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கூட்டத்தைத் தாண்டி ஒலிப்பலகைப் பக்கம் பார்த்தாள்.

"என் கொமாத்ரே யாதிராவுக்கு" என்றாள். "தும்மினாக்கூடக் கேக்கிற காதுக்கு."

அவ்வளவுதான். அடுத்த வரிக்குப் போய்விட்டாள். எனக்குத் திரை, முள், பொத்தான் எல்லாம் கலங்கிவிட்டது. கையை மட்டும் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

பாட்டு முடிந்து கைதட்டல் எழும்பியபோது பக்கத்தில் எலியேசர் ஏதோ சொன்னான். வாய் அசைந்தது தெரிந்தது. கை தானாக ஒரு பக்கக் காதுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தி, ஹெட்போனை முழுசாகக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல" என்றான். "சும்மா கூப்பிட்டேன்."